பாதியில் நின்ற தொடர்கள்

எடுத்த செயலை முடிக்காமல் விடுவது இழுக்கு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆள்வினையுடைமை அதிகாரத்தை நடத்தும்போது, வினையைக் குறையில் விட்டவரை உலகமும் விட்டுவிடும் என்னும் வள்ளுவர் கருத்தைச் சற்று அழுத்தியே விளக்குகிறோம். வகுப்பில் அது நல்ல பாடம். ஆயின் அது வகுப்போடு நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும் அமர்ந்துகொள்கிறது. நூறு பகுதிகள் பார்த்த தொடரை இடையில் நிறுத்திவிட்டால், யாருக்கோ கடன்பட்டதுபோல் மனம் உறுத்துகிறது. இந்த உறுத்தலைப் பலரிடம் கண்டிருக்கிறேன். சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு, "இருந்தாலும் முடிவைப் பார்த்திருக்கலாம்" என்பார்கள்.

என்னை நெடுங்காலம் உறுத்திய தொடர் 'கோலங்கள்'. சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1,533 பகுதிகள். அதை இயக்கிய திருச்செல்வமே தொல்காப்பியன் என்னும் பாத்திரமாகவும் நடித்தார். தேவயானி ஏற்ற அபி என்னும் பாத்திரம் அவரை 'தொல்ஸ்' என்று அழைத்ததைக் கேட்டு என் போன்ற தமிழாசிரியர்கள் முதலில் முகம் சுளித்தோம். பிறகு, வீட்டில் அப்பெயரைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் வகுப்பில் தொல்காப்பியம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுளிப்பை விட்டுவிட்டோம்.

அம்மா அந்தத் தொடரைக் குறுந்தட்டில் பார்த்தார். தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே ஒரு சிறு வாடகைக் கடை இருந்தது. கடைக்காரர் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். வாடிக்கையாளர் பெயருக்கு நேரே, அவர் கடைசியாக எடுத்துச் சென்ற பகுதியின் எண்ணைப் பென்சிலால் எழுதுவார். அடுத்த முறை அழித்து எழுதுவார். ஞாயிறு காலை காய்கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போகும்போது அம்மாவுக்கான தட்டுகளை நான் வாங்கி வருவேன்.

2008ஆம் ஆண்டின் நடுவில் அம்மா காலமானார். புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே அப்போது இருந்த எண் 1,170. கருமாதி முடிந்து தட்டுகளைத் திருப்பித் தரப் போனேன். செய்தியைக் கேட்ட கடைக்காரர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுத்த வாரத் தட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்து, "அம்மாவுக்காக நீங்களாவது பார்த்து முடிச்சிடுங்க தம்பி" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏழு வாரங்கள் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. திரையில் ஆதித்யா புதிதாக ஒரு சூழ்ச்சி செய்யும்போதெல்லாம், "இவன் உருப்படவே மாட்டான்" என்ற குரல் வரும் என்று சுவரோரம் இருந்த நாற்காலிப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கதை எனக்குள் இறங்கவில்லை. எட்டாம் வாரம் கடைக்குப் போகவில்லை. அதன்பின் அந்தத் தெருவைத் தவிர்த்து, பஃபளோ சாலை வழியாகச் சுற்றியே சந்தைக்குப் போய்வந்தேன். சில ஆண்டுகளில் அந்தக் கடையும் மூடப்பட்டது. சுற்றிப் போகும் பழக்கம் மட்டும் அதற்குப் பிறகும் இருந்தது.

முடியாமல் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நினைவில் நன்றாகத் தங்குகிறது என்று புளூமா செய்கார்னிக் என்ற உளவியல் அறிஞர் 1927இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பின்னர் சோதித்தவர்களுக்கு அதே முடிவு எப்போதும் கிட்டவில்லை. எனவே என் உறுத்தலுக்கு அந்த அம்மையாரைச் சாட்சிக்கு அழைக்க நான் துணியவில்லை. எனக்கு உதவியது வேறொன்று.

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தபோது, அவர் எழுதிவந்த 'அமர தாரா' முடியாமல் நின்றது. தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். நெடுநாள் இந்தச் செய்தியே என்னைக் குத்திக்கொண்டிருந்தது. ஒரு மகள் ஒரு நாவலையே முடித்துவைத்தாள். நம்மால் சில நூறு பகுதிகளைப் பார்க்க முடியவில்லையே! பிறகுதான் ஒப்புமை பிழைபடும் இடம் புலப்பட்டது. ஆனந்தி முடித்தது தந்தையின் வினையை. 'கோலங்கள்' என் அம்மாவின் வினை அன்றே! வள்ளுவர் குறையில் விடாதே என்றது செய்பவனை நோக்கி. திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவனை நோக்கி அன்று. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நெடுந்தொடருக்குச் செய்பவனிடத்திலேயே முடிவு உறுதியாக இருப்பதில்லை. பார்ப்போர் தொகை இருக்கும்வரை கதை நீளும். குறைந்தால் சில வாரங்களில் எல்லாரும் திருந்தி மங்களம் பாடிவிடுவர். 2014இல் தொடங்கிய 'சந்திரலேகா' இரண்டாயிரம் பகுதிகளைக் கடந்து 2022இல்தான் நின்றது. ஆக்கியவர்களே நாளுக்கு நாள் தேடிக்கொண்ட முடிவைக் காண்பவன் கடனாகச் சுமப்பானேன்?

அம்மா சுமந்தவர் அல்லர். செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். கூத்து விடிய விடிய நடக்கும். கூட்டத்தில் பாதி உறங்கிவிடும். துகில் உரியும் கட்டம் வந்ததும் ஒருவரை ஒருவர் தட்டி எழுப்புவார்களாம். இங்கும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில், ஐப்பசித் தீமிதிக்கு முன் பாரதக் கதையின் நிகழ்ச்சிகள் பல வாரங்கள் சடங்குகளாக நடைபெறுகின்றன. தீமிதி நாளில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து அடியார்கள் ஊர்வலமாக நடந்து செல்கிறார்கள். அம்மா அவ்வாரங்களில் ஏதேனும் ஒருநாள் போவார். "நடுவில் நடந்ததெல்லாம் பார்க்க வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "கூத்துக்குப் போனவ விடியுமட்டும் முழிச்சா இருந்தேன்?" என்றார்.

தமிழர் வீடுகளில் கொடிகட்டிப் பறந்த 'மெட்டி ஒலி'யையும் அவர் பாதியில்தான் விட்டார். "எல்லாரும் அழுதுகிட்டே இருக்காங்க, போதும்பா" என்று தட்டுகளை என்னிடம் நீட்டிவிட்டு அரிசி களையப் போனது நினைவுக்கு வந்த நாளில், எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பழைய தெரு வழியாகவே சந்தைக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். 'கோலங்கள்' எப்படி முடிந்தது என்று நான் இன்றும் யாரையும் கேட்டதில்லை.

அண்மையில் என் பேத்தி என் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பதினொரு நாடகம் பாதியில நிக்குது. எடுத்துடவா?" என்று கேட்டாள். அவற்றுள் நான்கு நம் வசந்தம் ஒளிவழியில் வந்தவை. எடுத்துவிடச் சொன்னேன். ஒன்றை மட்டும் இருக்கட்டும் என்றேன். அதில் வரும் பாட்டி மீன் குழம்பு வைக்கும் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.