சிவப்பு பிரஷ்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பிரஷ் தொங்குகிறது. பிளாஸ்டிக் கைப்பிடி. தலையின் இரண்டு பக்கமும் சிவப்பு வெல்வெட். உடுப்பில் ஒட்டியிருக்கும் பஞ்சு, நூல் பிசிறு, பூனை முடி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னுமா இத வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். இப்போது எல்லார் கையிலும் ஒட்டுத்தாள் உருளைதான். தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போகலாம், தீர்ந்தால் புதிதாக வாங்கலாம். எங்கள் பிரஷுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வாங்கிய நாலு வெள்ளியோடு சரி, மேற்கொண்டு ஒரு காசு செலவு வைத்ததில்லை.

அம்மா அதை வாங்கக் காரணம் நான்தான்.

அம்மா 1984-இல் பிறையில் இருந்த ஒரு நூல் மில்லில் சேர்ந்தார். அதுவரை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மில் பஸ் தோட்டத்து வாசலுக்கே வரும், மூன்று ஷிப்டு, மாதம் பிறந்தால் சம்பளம். மூட்டை மூட்டையாக வரும் பஞ்சைப் பிரித்து, இயந்திரத்தில் சீவிவிடும் பகுதியில் அம்மாவுக்கு வேலை. மில்லிலேயே தூசி அதிகம் பறக்கும் இடம் அது. மூக்கைச் சுற்றி ஒரு கைத்துண்டு கட்டிக்கொள்வார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது புருவம், காதோரம், சட்டைத் தையல் என்று எல்லா இடத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

1993-இல் நான் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். ரிப்போர்ட் கார்டு கொடுக்கும் நாளன்று அம்மா நைட் ஷிப்டு முடித்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். ஒருத்தி என்னிடம், "உங்கம்மா மாவு மில்லுலயா வேல செய்யறாங்க?" என்று கேட்டாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா. வந்தா அந்தப் பஞ்சையெல்லாம் தட்டிட்டு வா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் பாசார் மாலாமில் இந்தப் பிரஷை வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ரம்புத்தான் மரத்தடியில் நின்று உடம்பு முழுக்க பிரஷ் போடுவார். தோள், கை, வயிறு, கால்சட்டை. முதுகுக்கு என்னைக் கூப்பிடுவார். வெல்வெட்டின் இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு பக்கமாக இழுத்தால் இழைகள் நிமிர்ந்து பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கமாக இழுத்தால் விட்டுவிடும். இதற்காகவே கைப்பிடியில் ஓர் அம்புக்குறி. அவசரத்தில் நான் மாற்றித் தேய்ப்பேன். "அம்பப் பாத்துத் தேய்டி. தப்பாத் தேச்சா எடுத்ததயெல்லாம் திருப்பிக் குடுத்துரும்" என்பார். பிரஷில் பஞ்சு நிறைந்ததும் மரத்தில் எதிர்ப்பக்கமாக நாலு இழுப்பு இழுத்தால் மறுபடியும் சுத்தம்.

ஒட்டுத்தாள் உருளையின் கதையைப் பிறகு ஒருநாள் படித்தேன். 1956-இல் நிக்கோலஸ் மெக்கே என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு நடன நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது கோட்டெல்லாம் பிசிறு. ஒட்டு நாடாவை ஓர் அட்டைக் குழாயில் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி உருட்டினாராம். அவர் வெளியே கிளம்புவதற்காகச் சுத்தம் செய்தார். அம்மா வீட்டுக்குள் வருவதற்காகச் செய்தார். எனக்கு உறைத்த வித்தியாசம் அதுதான்.

இனி திங்கட்கிழமை பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு மில் லீவு. அன்று அம்மா நன்றாக இருப்பார், கோயிலுக்குப் போவார், ஆட்டிறைச்சி சமைப்பார். திங்கட்கிழமை வேலைக்குப் போய் நாலைந்து மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். "கயிறு போட்டுக் கட்டுன மாதிரி இருக்கு" என்பார். செவ்வாய் கொஞ்சம் தேவலை. வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லாததுபோல் பாட்டு முணுமுணுப்பார். மறுபடி திங்கள், மறுபடி கயிறு. பக்கத்து கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி பம்ப் கொடுத்தார்கள், எம்.சி. கொடுத்தார்கள். திங்கட்கிழமை எம்.சி. என்றால் யார் நம்புவார்கள்? சூப்பர்வைசர் கேலி செய்தார். "நேத்து நல்லாதானே இருந்த?" என்று அப்பா கேட்டார். நானும் அம்மாவுக்குச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் முதுகுக்கு பிரஷ் போட்டுவிட்டேன்.

2006-இல் அம்மா மில்லை விட்டார். இருமலும் மூச்சிரைப்பும் அவரை விடவில்லை. 2018-இல் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய்க்கார டாக்டர் அம்மாவின் பழைய வேலையைப் பற்றிக் கேட்டார். எந்தப் பகுதி, எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "ஹாரி இஸ்னின்?" என்றார். திங்கட்கிழமைகளில் அதிகமாக இருக்குமா என்பது கேள்வி. அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நோய்க்குப் பெயர் பைசினோசிஸ். பஞ்சு, சணல் போன்றவற்றின் தூசியால் வருவது. ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சை அதிகம் இறுக்கும் என்பது அதன் அடையாளம். வருஷக்கணக்கில் தூசியைச் சுவாசித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. செய்த வேலையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, சணல் சீவுகிறவர்களின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1877-இல் அந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஏட்ரியன் புரூஸ்ட். எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் அப்பா. மகன் ஆயுள் முழுக்க ஆஸ்துமாவோடு போராடியவர். நம் நாட்டில் 1969-இல் வந்த தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. அம்மாவின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் சொக்சோவுக்குப் பிடித்திருக்கிறார்கள். அது எதற்கு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

இத்தனை வருஷம் கழித்து உறுதியாகச் சொல்வது கஷ்டம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். எனக்கு உறுதி தேவைப்படவில்லை. அன்றிரவு அம்மாவிடம், "நான் உன்ன சோம்பேறின்னு நெனச்சேம்மா" என்றேன். "எனக்கே அப்படித்தான் தோணுச்சு" என்றார்.

அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நான் நினைத்ததை மன்னிக்க அம்மா இருக்கிறார். அவர் தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே வேலைக்குப் போன திங்கட்கிழமைகளை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். மில்லை விட்டு இத்தனை வருஷமாகியும் கிளம்பும்போது பிரஷை ஆணியிலிருந்து எடுப்பார். உடுப்பில் ஒன்றும் இருக்காது. மிஞ்சினால் என் பூனையின் முடி. தோளில் இரண்டு இழுப்பு, கையில் இரண்டு இழுப்பு, அதற்குள் மூச்சு வாங்கும். பிரஷை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பி நிற்பார். அம்பைப் பார்த்து, மெதுவாக முதுகைத் தேய்த்துவிடுகிறேன்.