மூலைக்கான கட்டர் முழுப் பரப்புக்கு ஆகாது

கோவை குறிச்சி சிட்கோவைச் சுற்றியுள்ள டூல்ரூம்களுக்குள் நுழைந்தால் கண் முதலில் விஎம்சி எந்திரத்தின் ஸ்பிண்டில் பக்கம்தான் போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஓரத்தில் கிடக்கும் பாலிஷ் மேசை. எந்திரத்திலிருந்து இறக்கிய மோல்டுகளை எண்ணெய்க் கல்லாலும் எமரி தாளாலும் அங்கே தேய்க்கிறார்கள். அவர்கள் தேய்ப்பது பால்நோஸ் கட்டர் விட்டுச்சென்ற வரிகளை. உருண்டை முனை வளைபரப்பில் பக்கம் பக்கமாக ஓடும்போது, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மெல்லிய மேடு ஒன்று நின்றுவிடும். அதன் உயரத்தைப் பெரும்பாலும் கட்டரின் ரேடியஸும் ஸ்டெப் ஓவரும், அதாவது ஓர் ஓட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் தூரமும், தீர்மானிக்கின்றன. ஆக, மேசையில் நிற்பவரின் உழைப்பில் பெரும்பங்கு, புரோகிராமர் கட்டரைத் தேர்ந்தெடுத்தபோதே முடிவாகிவிடுகிறது.

வரைபடத்தில் எங்காவது 2 மி.மீ. ரேடியஸில் ஓர் உள்மூலை இருந்தால் 4 மி.மீ. கட்டரை மாட்டி, பரப்பு முழுவதையும் அதிலேயே முடித்துவிடும் வழக்கம் உண்டு. இது தவறு என்பதே என் வாதம். ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் மேட்டின் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். 5 மைக்ரான் மேடு போதும் என்றால் 16 மி.மீ. கட்டரை 0.57 மி.மீ. நகர்த்தலாம், 4 மி.மீ. கட்டரை 0.28 மட்டுமே. 200 மி.மீ. அகலத்துக்கு முன்னதில் சுமார் 350 வரிகள், பின்னதில் 700. நேரத்தைவிடப் பெரிய கேடு வளைவு. ஒரே நீளம் வெளியே நீட்டி, ஒரே விசை கொடுத்தால் 4 மி.மீ. தண்டு 16 மி.மீ. தண்டைவிட 256 மடங்கு வளையும். சிறிய கட்டரில் வெட்டுவிசை குறைவுதான், ஆனால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆழமான கேவிட்டியில் அது அதிர்ந்து விட்டுச்செல்லும் அலைத்தடம், எந்தக் கணக்கிலும் வராமல் நேராகப் பாலிஷ் மேசைக்குப் போகிறது. அந்த 2 மி.மீ. மூலைக்கும்கூட 3 மி.மீ. கட்டரே நல்லது. ரேடியஸ் சரிசமமாக இருந்தால் கட்டர் மூலையில் திடீரென அதிகப் பரப்பைக் கவ்வி அதிரும்.

பரப்புக்குப் பெரியது, மூலைக்குச் சிறியது என இரண்டு கட்டர் போட்டால் சேருமிடத்தில் படி விழும் என்பது ஆபரேட்டர்கள் சொல்லும் மறுப்பு. நியாயமானதுதான், நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட விரலுக்குத் தட்டுப்படும். கட்டர் நீளத்தை எந்திரத்திலேயே அளக்கும் வசதி இல்லாத பட்டறையில், சிறிய பாகத்துக்கு ஒரே கட்டர் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வசதி இருந்தால், ஸ்பிண்டிலைச் சூடாக்கிவிட்டு அளந்து, இரண்டு ஓட்டங்களையும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஓட்டினால் படி அடங்கும். பெரிய சாலிட் கார்பைடு கட்டரின் விலை இன்னொரு மறுப்பு. இன்சர்ட் மாற்றும் பால்நோஸ் அதற்கு விடை. ஃபினிஷிங்குக்கென்றே கிரைண்ட் செய்த இன்சர்ட்டாக வாங்க வேண்டும். பெரிய பால்நோஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உருண்டையின் நுனியில் வெட்டுவேகம் பூஜ்யம். 10 மி.மீ. கட்டர் 0.2 மி.மீ. ஆழத்தில் வெட்டும்போது உண்மையில் வேலை செய்வது 2.8 மி.மீ. விட்டம்தான். நுனி வெட்டாமல் உலோகத்தைத் தேய்க்கிறது. அதனால் தட்டையான பகுதிகளுக்கு, அடி தட்டையாகவும் ஓரம் மட்டும் உருண்டும் இருக்கும் புல்நோஸ் கட்டரே ஏற்றது.

புரோகிராமர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த மோல்டுக்குக் கட்டர் பட்டியல் போடுவதற்கு முன், போன மோல்டில் எந்த இடத்தைத் தேய்க்க அதிக நேரம் பிடித்தது என்று பாலிஷ் போடுபவரிடம் கேளுங்கள்.