கோவில் வேன் டயர்: 15 வெள்ளியா, 240 வெள்ளியா?

கொஞ்சம் நீளமான பதிவு, மன்னிச்சிக்குங்க. கோவில் வேன் ஓட்டுறவங்களும் சொந்தக் காடி வச்சிருக்கிறவங்களும் முழுசா படிங்க.

போன வியாழக்கிழமை, வேலை முடிஞ்சு அன்னதானச் சாமான் வாங்க வேனை எடுத்துக்கிட்டு மார்க்கெட் போனேன். திரும்பும்போது பின்பக்கம் ஒரு மாதிரி இழுத்துச்சு. இறங்கிப் பார்த்தா இடது பின் டயர்ல காத்தே இல்ல. ஸ்பேர் இருக்கு. ஆனா அரிசி மூட்டை எல்லாத்தையும் இறக்கினாத்தான் ஜாக்கை எடுக்க முடியும். மழை வேற. டயர் கடை 2 கிலோமீட்டர்தானே, மெதுவா போயிடலாம்னு ஓட்டிட்டேன்.

தவுக்கே டயரைக் கழட்டினார். சின்ன ஆணி, சரியா நடுவுல. 15 வெள்ளியோட முடிஞ்சதுன்னு சந்தோஷப்பட்டேன். அவர் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். கை முழுக்கக் கறுப்புத் தூள். "அண்ணே, தா போலே"ன்னு தலையை ஆட்டினார்.

அவர் சொன்னது இதுதான். தரையில படுற பகுதியில, 6 மில்லிமீட்டருக்குள்ள ஓட்டைன்னா ஒட்டலாம். அதையும் டயரைக் கழட்டி, உள்ள பார்த்து ஒட்டணும். வெளியில இருந்து குச்சி சொருகுறது அவசரத்துக்கு மட்டும்தான். பக்கச் சுவர்ல குத்தினா ஒட்டவே கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும், ஒட்டு நிக்காது.

நம்ம டயர்ல ஆணி நல்ல இடத்துலதான் குத்தியிருக்கு. ஆனா காத்து இல்லாம ஓட்டினதுல பாரம் தாங்காம சுவர் மடிஞ்சு, உள்ள இருக்கிற ரப்பர் அரைஞ்சு போச்சு. அந்தத் தூள்தான் அது. டயரை ஆணி கெடுக்கல, நான் கெடுத்தேன்.

புது டயர் 240 வெள்ளி. கோவில் கூரை ஒழுகுதுன்னு எல்லார்கிட்டயும் காசு கேட்டுக்கிட்டு இருக்கிற நேரம். ஆணிக்கு ஒட்டுப் போட்டுட்டு 15 வெள்ளி ரசீதைக் கொடுத்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. மனசு அப்படித்தான் போச்சு.

வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மனைவி கேட்டாங்க: "ஏங்க, ஃபேக்டரியில மெஷின் பெல்ட் நார் நாரா கிழிஞ்சா டேப் ஒட்டி ஓட விடுவீங்களா?" அதைச் செஞ்ச பையனை நான் திட்டினது அவங்களுக்குத் தெரியும். வாய் அடைச்சுப் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்கு 9 பேர் பேர் கொடுத்திருந்தாங்க. பாதிப் பேர் வயசானவங்க. அதுல ஒரு பாட்டி எப்பவும் கடைசி சீட்டுலதான் உட்காருவாங்க, அந்த டயருக்கு நேர் மேல. "தம்பி ஓட்டினா எனக்குப் பயமில்ல"ன்னு சொல்றவங்க.

டயரை மாத்திட்டேன். போடுறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கிற 4 நம்பரைப் பார்த்தேன். முதல் 2 நம்பர் வாரம், கடைசி 2 நம்பர் வருஷம். பழைய சரக்கு இல்ல.

அன்னிக்கு ராத்திரியே பொருளாளர்கிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன். முழுக் காசும் நானே போடுறேன்னு சொல்லியும் அவர் கேக்கல. பாதி கோவில், பாதி நான்.

தொண்டர்களே, சாமானை ஏத்தும்போது ஜாக்கை மேலாப்புல வைங்க. காத்து இறங்கினா ஓரங்கட்டி நிறுத்திடுங்க. மழையில நனைஞ்சாலும் பரவாயில்ல. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுக் கிளம்புறோம், அப்படியே டயர்லயும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

பத்துமலை நல்லபடியா போயிட்டு வந்தோம். பாட்டி வழியெல்லாம் தூங்கிட்டாங்க.