மணிக்கட்டில் ஏறிய காலம்

பண்டைத் தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர்; ஒரு நாழிகை 24 நிமிடம். அரசனின் பாசறையில் நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதறிந்து உரைப்போர் இருந்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒருவர் அளந்து பலருக்கு அறிவிக்கும் பொதுப்பொருளாக அன்று காலம் இருந்தது.

அதனைத் தனியொருவரின் உடைமையாக்கியது கைக்கடிகாரம். தொடக்கத்தில் மேலைநாட்டு மகளிரின் அணிகலனாகவே அது கருதப்பட்டது. ஆடவர் சட்டைப்பைக் கடிகாரத்தையே விரும்பினர். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பைக்குள் கைவிட்டு நேரம் பார்ப்பது வீரர்களுக்கு இடராயிற்று. அதன்பின் ஆடவர் மணிக்கட்டிலும் கடிகாரம் நிலைபெற்றது.

இந்தியாவில் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் பெங்களூருவில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அக்காலக் கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். முறுக்கேறிய சுருள்வில் மெல்லத் தளரும் விசையில் முட்கள் நகரும். தூசு படிந்தாலும் எண்ணெய் வற்றினாலும் நேரம் பிசகும். சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கடைத்தெருவாக விளங்கும் ஏரல் போன்ற தாமிரபரணிக் கரையூர்களில், கண்ணில் உருப்பெருக்கி பொருத்திக் கடிகாரம் பழுதுபார்ப்போரின் கைத்திறன் அன்றாடத் தேவையாக இருந்தது.

1969இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கல ஆற்றலால் அதிரும் படிகம் சுருள்வில்லின் இடத்தைப் பிடித்தது. இன்றைய கடிகாரங்களில் அப்படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984இல் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களை உருவாக்கியது. துல்லியம் மிகுந்தது, விலை குறைந்தது, பழுதுபார்ப்பதினும் புதிது வாங்குதல் எளிதாயிற்று.

இன்று கைப்பேசியே நேரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆயினும், அரிசிமணியினும் சிறிய திருகாணியைக் கழற்றிப் பூட்டும் பொறுமையை எந்தக் கருவியும் கற்றுத்தருவதில்லை. அது கையிலிருந்து கைக்கே வரவேண்டும்.