வட்டக்கானலில் துயின்ற வண்டி

பழைய மோட்டார் வண்டி ஓடாதொழிந்தால், எஞ்சின் செத்ததென்று தீர்ப்புக் கூறுதல் பலர்க்கும் வழக்கமாயிற்று. டீசல் வண்டிகளில் எஞ்சின் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பட்டினி கிடப்பதே அதன் நோய். இதனை யாம் வட்டக்கானலிற் கண்கூடாகக் கண்டோம்.

கொடைக்கானலுக்கு அப்பால், டால்பின் நோஸ் பாறைக்குச் செல்லும் வழியில், நண்பகலிலும் மேகம் வாசலில் வந்து நிற்கும் அச்சிற்றூரில், எம் உறவினரது டீசல் அம்பாசிடர் நான்காண்டுகளாகத் தகரக் கொட்டகையிற் கிடந்தது. இந்தியாவிற் செய்யப்பெற்ற கார்களுள் டீசலால் ஓடிய முதலாவது இவ்வகையே; எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர். உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு இதன் உற்பத்தி நின்றது. வீட்டார் பழைய இரும்புக்கு விலை பேசிவிட்டனர். பாட்டியார் ஒருவரே இசையவில்லை. தாத்தாவை நள்ளிரவில் மலையிறக்கி உயிர் காத்தது அவ்வண்டியன்றோ!

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. இறுக்கப்பட்டுக் கொதிக்கும் காற்றினுள் எண்ணெயைப் பனிபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ரூடால்ப் டீசல் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயை உட்செலுத்தத் தனியே ஒரு காற்றழுத்தப் பொறி வேண்டியிருந்தது. 1927-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் சிறிய பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே சாலை வண்டிகளுக்கு அது எளிதாயிற்று. அப்பம்பினுள் உலக்கைக்கும் உறைக்கும் இடைவெளி தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணியது. ஒரு சொட்டு நீர் அங்கே துருவேற்றப் போதும்.

அந்நீர் எங்கிருந்து வந்தது? பாதி வெறுமையான டாங்கினுள் ஈரக் காற்று புகுந்து, இரவுக் குளிரில் வியர்த்து, டீசலுக்கு அடியில் தங்கிவிட்டது. யாம் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்த்தபோது மேலே டீசல், கீழே நீர், இரண்டிற்கும் இடையே கரிய பாசி!

டாங்கைக் கழற்றி டீசலாலேயே பன்முறை அலசினோம். வடிகட்டியைப் புதிதாக மாற்றினோம். நாசில் துளையைக் கம்பியாற் குத்தலாமென அயலார் ஒருவர் ஓடிவந்தார், தடுத்தோம். துளை சிறிது சிதைந்தாலும் எண்ணெய் தூவாது, ஒழுகும். பம்பு நின்ற நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, அதனையும் நாசில்களையும் துணியிற் சுற்றி, வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுசென்றோம்.

மலைக்கு வலிமை வேண்டுமே, டீசலைக் கூட்டிவையுங்களென்று உடன்வந்த இளைஞர் கேட்டார். பம்பு மெக்கானிக் நகைத்தார். "தம்பி, அங்கே காற்றே குறைவு. டீசலைக் கூட்டினால் புகைதான் கூடும்" என்றார். அவர் கூற்று முற்றும் மெய். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதன் முக்கால் பங்கிற்குச் சற்றே மிகுதி. மலைப்பாதையிற் கரும்புகை கக்கும் வண்டிகளுட் பல இவ்வுண்மையறியாதார் கைப்பட்டவை என்பது எம் கருத்து. அவர் அளவைக் கூட்டாமல், சோதனை மேசையில் ஓட்டி, நான்கு நாசில்களும் ஒரே அளவில் தூவுமாறு செய்து தந்தார்.

திரும்பவந்து பூட்டியபின் ஏர் எடுத்தலே பெரும்பாடு. திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க அடிக்க நுரையே வந்தது. நெடுநேரங் கழித்தே தெளிந்த டீசல் வந்தது. பின்னர்ச் சாவியைத் திருப்பினோம். முதலில் வெண்புகை, இருமல், ஒரு நிமிடத்தில் பழைய கடகடவொலி.

இரும்பு வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார். வாரந்தோறும் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து நீர் இறக்குவதும், மழைக்காலத்தில் டாங்கை நிரப்பியே நிறுத்துவதும் இப்போது அவ்விளைஞர் பொறுப்பு.