வெட்டாமல் விட்ட சுகி மரங்கள்

வகயாமா மாகாணத்தின் தக்கிஜிரியில் குமானோ கோதோ பாதையில் ஏறத் தொடங்கினால் இருபுறமும் மரங்கள்தாம். சிறிது தூரம் ஏறியதும் ஒன்று உறுத்தத் தொடங்கியது. எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே உயரம். அடியில் புதர்கூட அதிகமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடு கட்ட மரம் வேண்டுமென்று அரசு ஊக்குவித்து நடவைத்த சுகி, ஹினோக்கி என்ற ஊசியிலை மரங்கள் இவை. அவை முதிர்வதற்குள் 1964-ல் வெளிநாட்டு மரத்துக்குக் கதவு திறந்துவிடப்பட்டது. விலை விழுந்தது. நெருங்கி வளர்ந்ததை இடையிடையே வெட்டிக் காட்டுக்குள் வெளிச்சம் விட ஆளில்லாமல் போயிற்று. ஜப்பானின் காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்படி மனிதர் நட்டவை. யுனெஸ்கோ 2004-ல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற இந்த யாத்திரை வழியிலும் நெடுந்தூரம் அவற்றின் நிழலில்தான் நடக்கிறோம்.

அந்த நிழலில் நடந்து பழகிய கண்ணோடு போனதால், நோனகா என்ற மலைக் குடியிருப்பில் த்சுகிசாகுரா ஓஜியின் கல்படிகளுக்குக் கீழே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஓஜி என்பது குமானோவின் பெருங்கோயில்களுக்குப் போகிறவர்கள் நின்று வணங்கிப் போகும் வழிக்கோயில். படிகளின் இருபுறமும் எழும் சுகி மரங்களும் பாதையில் பார்த்த அதே இனம்தான் என்று நம்ப முடியவில்லை. பெரியவற்றின் அடிமரம் சுற்றளவில் 8 மீட்டரை நெருங்குகிறது. வயது 800 ஆண்டுகள் இருக்கும் என்கிறார்கள். பதவி துறந்த பேரரசர் கோதோபா 1201-ல் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்காவை உடன் அழைத்துக்கொண்டு குமானோவுக்குப் போன காலத்தை ஒட்டி முளைத்தவையாக இருக்கலாம். பட்டை சிவந்து, நாராக உரிந்து, கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. கிளைகள் ஒரே பக்கமாக, தெற்கு நோக்கியே நீள்கின்றன. அந்தத் திசையில் இருக்கும் நாச்சி கோயிலை மரங்களும் கும்பிடுகின்றன என்பது ஊர் நம்பிக்கை. சரிவில் நிற்கும் மரம் வெளிச்சத்தைத் தேடிக் கிளைவிடும் என்று தாவரவியல் சொல்லும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

கோயில் மரமென்றால் கோடரி நெருங்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வைக்கோல் புரி சுற்றி வெள்ளைக் காகிதம் தொங்கவிட்ட மரத்தைப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நோனகாவில் நடந்தது வேறு. இந்தச் சரிவில் இன்னும் எத்தனையோ பெருமரங்கள் நின்றன. கோயில்களை மேம்படுத்துகிறோம் என்ற பெயரிலேயே அவை வெட்டப்பட்டன.

1906-ல் மெய்ஜி அரசு சிறு கோயில்களை இணைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. கிராமத்துக்கு ஒரு கோயில் போதும், சொத்தும் பூசகரும் இல்லாத கோயில்களைப் பெரிய கோயிலோடு சேர்த்துவிடலாம் என்பது திட்டம். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. மியே, வகயாமா இரண்டு மாகாணங்களிலும் அடி மிகக் கடுமையாக விழுந்தது. தெய்வத்தைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் பழைய கோயிலைச் சுற்றியுள்ள காடு வெறும் மரக்கட்டைதானே? நூற்றாண்டுகளாக எவரும் கிளை ஒடிக்காத தோப்புகள் விலைக்குப் போயின.

இதை எதிர்த்து நின்றவர் மினகாதா குமாகுசு. 1867-ல் வகயாமாவில் பிறந்தவர். அமெரிக்காவில் சில ஆண்டுகள், பிறகு 1892 முதல் 1900 வரை லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்தில் பல மொழி நூல்களைப் படித்துக் கையால் பிரதியெடுத்தார். நேச்சர் இதழில் 51 கட்டுரைகள் எழுதினார். பட்டம், பதவி எதுவுமில்லாமல் ஊர் திரும்பித் தனபே என்ற கடற்கரை ஊரில் குடியேறினார். அவர் உயிராக ஆராய்ந்தது சளிப்பூஞ்சையை: அழுகிய மரத்தில், ஈர இலையில் ஊர்ந்து பரவி, பிறகு சின்னஞ்சிறு காளான்போல் நிமிரும் உயிரினம். பழங்காட்டின் ஈரம் போனால் அதுவும் போய்விடும். கோயில்காடு அவருக்கு வழிபடும் இடமாகவும் ஆய்வுக்கூடமாகவும் இருந்தது.

1910 ஆகஸ்டில், இணைப்புக்குத் துணைநின்ற மாகாண அதிகாரி ஒருவர் தனபேக்கு வந்திருந்த கூட்டத்துக்குள் குமாகுசு பாய்ந்து நுழைந்து ரகளை செய்தார். 18 நாள் காவலில் இருந்தார். அங்கேயும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார்! அடுத்த ஆண்டு டோக்கியோவின் தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதங்களை நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ அச்சிட்டு, முக்கியமானவர்களின் கைக்குப் போகச் செய்தார். குமாகுசுவின் வாதம் அந்தக் காலத்துக்கு வியப்பானது. தோப்பை அழித்தால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகும், பயிர் கெடும். ஊரார் கூடும் இடம் போனால் ஊரின் ஒட்டுறவும் தளரும். மரத்தை மரமாக மட்டும் பார்க்காமல், அதைத் தாங்கும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் அவர்.

நோனகாவில் அவரும் அவரோடு நின்றவர்களும் மன்றாடிக் காப்பாற்ற முடிந்தது கோயிலை ஒட்டிய சில மரங்களை மட்டுமே. மற்றவை வீழ்ந்தன. இன்று அந்த மிச்சத்தைப் பார்த்து நாம் மலைக்கிறோம்; குமாகுசுவுக்கு அது தோல்வியாகவே பட்டிருக்கும். தனி மரத்துக்கு வேலி கட்டிப் பெயர்ப்பலகை வைப்பது எளிது. அதன் காலடியில் இருக்கும் பாசியையும் பூஞ்சையையும் விட்டுவைப்பது கடினம். அவர் கேட்டது அந்தக் கடினமானதைத்தான்.

அதன்பின் நாச்சிக்கும் போனேன். தாய்மோன்சாக்கா கல்படிகளின் தொடக்கத்தில் கணவன் மனைவி என்று அழைக்கப்படும் இரட்டைச் சுகி மரங்கள் உண்டு. மேலே நாச்சி கோயில் வளாகத்தில் சுமார் 850 வயதுக் கற்பூர மரம். தாய்ரா நோ ஷிகெமோரி என்ற பழங்காலப் பிரபு நட்டது என்பது வழக்கு. அதன் அடிமரப் பொந்துக்குள் நுழைந்து மேலே வெளியேறலாம். குழந்தைகளுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி. எனக்கோ மனம் நோனகாவின் சரிவிலேயே இருந்தது.

குமாகுசுவே ஒரு மரத்தின் பிள்ளை. ஃபுஜிஷிரோ கோயிலின் கற்பூர மரத்தை வேண்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் வாங்குவது அந்தப் பகுதி வழக்கம். அவர் பெயரும் அப்படி வந்ததே. கற்பூர மரத்தைக் காணும்போதெல்லாம் சொல்லில் அடங்காத உணர்வு எழுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். கோயில்களை இணைப்பதில் பயனில்லை என்று ஜப்பானிய நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை 1920-ல் தீர்மானித்தபோது அவர் போராட்டம் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது.

தனபே விரிகுடாவில் கஷிமா என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கிருந்த கோயிலும் இணைக்கப்பட்டு, மரம் வெட்டத் தொடங்கியபோது குமாகுசு தலையிட்டு நிறுத்தினார். மந்தாரைக்கு உறவான ஒரு கொடி அங்கே வளர்கிறது. அதன் விதையில் ஜெபமாலை கோப்பார்கள். 1929 ஜூன் 1-ல் பேரரசர் ஹிரோஹிட்டோ அந்தத் தீவைப் பார்க்க வந்தார். அன்று நாகாட்டோ போர்க்கப்பலில் அவருக்குப் பாடம் சொன்ன குமாகுசு, 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் காரமெல் மிட்டாய்ப் பெட்டிகளில் அடுக்கிப் பரிசளித்தார். இன்று அனுமதியில்லாமல் அந்தத் தீவில் கால்வைக்க முடியாது. கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். இத்தனை தூரம் வந்தும் உள்ளே போகவில்லையே என்ற குறை எனக்கில்லை. என்னைப் போன்றவர்களை வெளியே நிறுத்தும் காடு ஒன்றாவது அவருக்குக் கிடைத்திருக்கிறது.