நான்கில் தொடங்கும் எண்

2024 நவம்பரில் ஷெவர்லே மாலிபுவின் உற்பத்தி நிறுத்தப்பட்ட செய்தியைப் படித்தபோது, மிஷிகனில் என் பக்கத்து வீட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் நினைவுதான் முதலில் வந்தது. அவர் மாலிபு ஓட்டியவரல்லர். ஆனால் இந்தச் செய்தியை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள், அவர் என்ன முகம் காட்டியிருப்பார் என்று அன்று முழுவதும் யோசித்துக் கொண்டிருந்தேன்.

கிரைஸ்லர் 200 2016இன் இறுதியில் நின்றது. ஃபோர்ட் ஃப்யூஷன் 2020இல் நின்றது. மாலிபுவும் போனபின், சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய விலையில் ஒரு நடுத்தர செடான்கூட டெட்ராய்டின் மூன்று பழைய நிறுவனங்களிடம் இல்லை. நான்கு கதவுகள், ஐந்து பேருக்கு இடம், பின்னால் பெட்டிகளை அடுக்கத் தனியறை: அமெரிக்க நடுத்தர வர்க்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், பாட்டியைப் பார்க்கப் போனதும் இந்த வண்டியில்தான். (மகிழுந்து என்று எழுதலாம். ஆனால் நான் சொல்லவிருக்கும் வண்டிகளில் மகிழ்ந்து உந்தியவர்கள் குறைவு என்பதால் கார் என்றே எழுதுகிறேன்.)

நான் 1998இல் மிஷிகனுக்கு ஒப்பந்த மென்பொருளாளனாக வந்தேன். வந்த இடத்துக்கு மரியாதையாக, டெட்ராய்ட் நிறுவனம் ஒன்றின் பழைய செடானை வாங்கினேன். அதன் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. ஒரு பிப்ரவரி இரவில், நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில், மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் உள்ளே இருக்க, அது முனகலோடு உயிரை விட்டது. இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரமாயிற்று. குழந்தையை என் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே தேசபக்தி, ஊர்ப்பக்தி இரண்டையும் ஒதுக்கிவிட்டு டொயோட்டா கேம்ரி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். 2002ஆம் ஆண்டு மாதிரி, சாம்பல் நிறம்.

கேம்ரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்பதே அதைப் பற்றி எழுத வேண்டிய முதல் செய்தி. அது தயிர்சாதம். விருந்தில் யாரும் அதைப் புகழ்வதில்லை. ஆனால் வயிறு கெட்ட ஊரில் அதைத்தான் தேடுவார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் வாயிலுக்கு அருகேயுள்ள நிறுத்துமிடம் உள்ளூர் நிறுவனங்களின் வண்டிகளுக்கு மட்டும் என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். என் போன்றவர்களுக்கு ஓரமாக ஒரு மைதானம். ஜனவரிக் காற்றில் பத்து நிமிட நடை. நடப்பது பெரிதல்ல. 1982 ஜூனில் இதே டெட்ராய்டின் ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். திருமணத்துக்குச் சில நாள்களே இருந்தன. அடித்தவர்களில் ஒருவர் கிரைஸ்லரின் மேற்பார்வையாளர். மற்றவர் வேலை இழந்த அவருடைய வளர்ப்பு மகன். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற சினம் அந்த ஊரில் கனன்றுகொண்டிருந்த காலம் அது. அடித்தவர் அந்தப் பொருள்படப் பேசியதாகச் சாட்சியம் இருந்தது. நீதிமன்றம் விதித்தது 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறை இல்லை. அந்த மைதானத்திலிருந்து தனியாக நடந்துவரும் மாலைகளில் இதை நினைக்காமல் இருந்ததில்லை.

ஆகவே புதுக் கேம்ரியை வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்வெளியைக் கடந்து வந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது உண்மை. நகருக்கு வெளியே ஒரு தகடு அழுத்தும் ஆலையில் கார்க் கதவுகளை வார்ப்பில் அழுத்தி எடுக்கும் பிரிவில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் வேலை செய்தவர். தன் வீட்டு வண்டிப்பாதையில் அந்நிய வண்டி எதுவும் ஏறக்கூடாது என்பது அவருடைய சட்டம். மருமகனின் ஹோண்டாகூடத் தெருவில்தான் நிற்கும். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கேம்ரியின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தார். மறுபக்கம் போய் அங்கும் இழுத்தார். இடுக்கு இரு பக்கமும் ஒரே அகலம். பிறகு கதவைத் திறந்து மூடினார். அந்த ஓசையைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இதை நாங்களும் செய்தோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது டாரஸ் காலத்தை என்பது பின்னாளில், பல கோடை மாலைகளில் பேசியபிறகுதான் விளங்கியது. 1980 முதல் 1982 வரை மூன்றே ஆண்டுகளில் ஃபோர்ட் நிறுவனம் 300 கோடி டாலருக்கும் மேல் இழந்திருந்தது. எதிரே ஹோண்டா, 1982 நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டைக் கட்டத் தொடங்கிவிட்டது. ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்று அமெரிக்க மண்ணில் கார் செய்தது அதுவே முதல்முறை. கழுத்தில் கயிறு இறுகிய அந்த வேளையில் லூ வெரால்டி என்பவரின் தலைமையில் ஒரு குழு, வடிவமைப்பாளரையும் பொறியாளரையும் ஆலைக்காரரையும் முதல்முறையாக ஒரே மேசையில் உட்கார வைத்தது. உலகின் நல்ல கார்களைப் பிரித்துப் பரப்பி, சுமார் 400 அம்சங்களில் எது எதில் யார் சிறந்தவர் என்று குறித்தார்கள். முடுக்கு மிதியின் மென்மைக்கு ஔடி, எரிபொருள் முள்ளின் துல்லியத்துக்கு டொயோட்டா. பூட்டுவரிசைத் தொழிலாளர்களிடமும் கேட்டார்கள். கருவியை மாற்றி மாற்றி எடுக்கிறோம், மரையாணிகளின் தலைகளை ஒரே அளவில் வையுங்கள் என்றார்கள் அவர்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறும். அது அவருடைய ஆலை அல்ல, ஆனால் அந்தச் செய்தி எல்லா ஆலைகளிலும் பரவியிருக்கிறது. எங்களைக் கேட்டார்கள் என்பார். எத்தனையோ ஊதிய உயர்வுகளைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

1985இன் கடைசி வாரத்தில் டாரஸ் விற்பனைக்கு வந்தது. 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற கார் அதுதான். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளின் முதலிடம் அக்கார்டுக்கு என்பதை நினைவில் வைத்தால் இதன் அருமை தெரியும். பறிகொடுத்ததை டெட்ராய்ட் திரும்பப் பிடித்தது. ஆனால் 1996இல் வந்த புது டாரஸுக்கு எங்கு பார்த்தாலும் நீள்வட்டம். பின்கண்ணாடிகூட முட்டை வடிவம். விலையும் ஏறியது. எண்ணிக்கையைக் காப்பாற்ற வாடகைக் கார் நிறுவனங்களுக்கு வாரிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு கேம்ரி முதலிடம் ஏறியது. 2001இல் அக்கார்டுக்கு ஒருமுறை விட்டுக்கொடுத்ததைத் தவிர, செடான் வகையில் அது அந்த இடத்தைவிட்டு இறங்கியதாக எனக்கு நினைவில்லை. டாரஸைப் பிறகு பெரிதாகக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 2006 அக்டோபரில் அட்லாண்டா ஆலையோடு சேர்த்து அதன் கதையை முடித்தார்கள். அடுத்த ஆண்டே வேறொரு பெரிய காருக்கு அந்தப் பெயரை ஒட்டினார்கள் என்பது தனிக்கதை.

டெட்ராய்டுக்கு நல்ல செடான் செய்யத் தெரியாது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் உருப்படாதது என்று 1982இல் மூடிய ஆலையை, 1984இல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்களே. சில ஆண்டுகளில் ஜப்பான் தரத்தை எட்டினார்கள். கை அதே கைதான். மூச்சு முட்டும்போது மட்டும் செடானை நேசிப்பது டெட்ராய்டின் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு வந்ததும் கண் லாரிப் பக்கம் போய்விடும். அதற்கு ஒரு கோழியும் காரணம். அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பியர்கள் வரி போட்ட கோபத்தில், லிண்டன் ஜான்சன் அரசு பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு போன்றவற்றோடு இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கும் 25 சதவீத வரி விதித்தது. 1964இல் நடப்புக்கு வந்த அந்த வரி கோழிகள் மறந்தபின்னும் நீடித்தது. கார்களுக்கோ 2025 வரை 2.5 சதவீதம்தான். எரிபொருள் சிக்கன விதிகளும் லாரி இனத்திடம் தாராளமாக இருந்தன. மதில் கட்டிய தோட்டத்தில் லாபம் குவியும்போது, திறந்த வயலில் ஜப்பானியரோடு மல்லுக்கட்ட யாருக்கு மனம் வரும்? ஓய்வூதியம், மருத்துவச் செலவு என்று ஒவ்வொரு வண்டியின் தலையிலும் ஏறிய சுமையையும் சொல்லத்தான் வேண்டும். அதைப் பெற்று வாழ்ந்தவரின் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அதைக் குறையாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

2006இல் பெரியவர் பணிவிலகல் தொகையைப் பெற்றுக்கொண்டு ஓய்வுபெற்றார். அந்தப் பணத்தில் புது ஃபோர்ட் ஃப்யூஷன் வாங்கினார். நல்ல கார்; மஸ்டா 6இன் அடித்தளத்தில் எழுந்தது. தெருவில் நின்ற நாலைந்து பேரிடம் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, கடைசியில் ஓர் அமெரிக்கக் கார் என்றார். அந்த வாரம் என் நிறுவனத்தில் பலரை அனுப்பியிருந்தார்கள். மைதானத்து நடை அன்று அதிகமாக உறைத்திருந்தது. எதுவோ என்னை உந்த, அவருடைய முன்கண்ணாடியின் கீழ் மூலையில் உள்ள பதினேழு இலக்க அடையாள எண்ணைக் காட்டினேன். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் செய்தது, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ, ஜே என்றால் ஜப்பான். அவருடையது 3இல் தொடங்கியது, ஹெர்மொசியோ ஆலை. என்னுடைய எண் 4இல் தொடங்குகிறது என்றேன், கென்டக்கியின் ஜார்ஜ்டவுன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார்.

வாதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பனின் சட்டைப் பையைத் துழாவிக் காட்டியவனைப் போல உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. உண்மையைச் சொன்னதற்கு எப்படிக் கேட்பது? அந்தக் கோடை முழுவதும் அவர் புல்வெளியைக் கடந்து வரவில்லை.

2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலாகி மீண்டன. மீண்டும் மூச்சு முட்டியது, மீண்டும் நல்ல செடான்கள் வந்தன. ஃப்யூஷன் 2014இல் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. நான்கே ஆண்டுகளில், 2018 ஏப்ரலில், வட அமெரிக்காவில் செடான்களையே கைவிடப்போவதாக ஃபோர்ட் அறிவித்தது. இப்போதெல்லாம் செடான் யார் வாங்குகிறார்கள் என்றார்கள். மாலிபு நின்ற அதே 2024இல், அந்த யாருமில்லாதவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்ரிகளை வாங்கியிருக்கிறார்கள்.

பெரியவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. நான் அவரை நினைக்கும்போது வருவது 2013இன் இறுதி. ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல் ஓடிய என் கேம்ரியை விற்க முனைந்தபோது, கல்லூரிக்குப் போய்வர ஒரு வண்டி தேடிய அவருடைய பேத்தி அதைக் கேட்டாள். தாத்தாவிடம் கேட்டாயா என்றேன். தாத்தாதான் கேட்கச் சொன்னார் என்றாள். நான் சொன்ன விலையில் ஐந்நூறு குறைத்துக்கொண்டேன். அவள் அதைத் தெருவில்தான் நிறுத்தினாள், சட்டம் சட்டம்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் டெட்ராய்டைப் பெரும்பனி மூடியது. பனி வாரும் வண்டிகள் வருவதால் தெருவில் எந்தக் காரும் நிற்கக்கூடாது என்று நகராட்சி அறிவித்தது. இரவு பத்து மணி இருக்கும். சன்னல் வழியே பார்த்தேன். பெரியவர் தடித்த அங்கியோடு தன் வண்டிப்பாதையைத் தானே வாரிக்கொண்டிருந்தார். பேத்தியின் கேம்ரி பின்னாலேயே மெல்ல ஊர்ந்து, ஃப்யூஷனுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. அவள் உள்ளே ஓடியபின்னும் அவர் சற்று நேரம் அங்கேயே நின்றார். கையுறையைக் கழற்றி, ஓட்டுநர் கதவின் இடுக்கில் படிந்திருந்த பனியை நகத்தால் வழித்தெடுத்தார்.